அடையை எடுத்த வண்டி

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் பாதி காதில் விழுந்தால் போதும், மீதியை நானே முடித்துக்கொள்வேன். திரும்பிக் கேட்டால் கௌரவம் குறைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. முப்பது வயதில் இந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் செய்து வைத்த வேலையை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், நடந்ததில் பாதி இன்னும் எனக்கு விளங்கவில்லை. விளங்கின பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இனிமேல் விளங்கும் என்ற நம்பிக்கை போய்விட்டது, அதனால் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்து நெசவுத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. ஒரே தறி, நெய்கிறவன் நான். அப்பா காலமாகி வெகு நாள் ஆகியிருந்தது. வீட்டில் அம்மா, நான், என் மனைவி, அவ்வளவுதான். மனைவி கூரத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். நிரந்தர வேலை இல்லை, தற்காலிகம். எப்படியாவது இரண்டு வருஷம் ஒழுங்காகத் தள்ளிவிட்டால் நிரந்தரம் ஆகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை அவள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. தினமும் பஸ்ஸில் குலுங்கிப் போய்க் குலுங்கி வந்தால் வயிற்றில் எது தங்கும் என்பது அம்மாவின் கட்சி. அதை வாய்விட்டு மருமகளிடம் சொல்ல மாட்டாள். மருமகளிடம் எதையுமே நேராகச் சொல்ல மாட்டாள். "டீச்சர் சாப்ட்டாச்சா?" "டீச்சர் எப்ப வருவாங்களாம்?" என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பாள். அந்த டீச்சர் இரண்டு முழ தூரத்தில் நின்றுகொண்டிருப்பாள். ஆறு வருஷத்தில் அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கூரத்துக்கு பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மாதத்தில் நாலு நாள் தாமதமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே தன் வளையல் இரண்டைக் கொடுத்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கச் சொன்னாள். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிற இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. காலையில் அவளைக் கூரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து தறியில் உட்காருவேன். சாயங்காலம் போய் அழைத்து வருவேன். தெருவில் என் நடையே மாறிப்போயிற்று என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். கொஞ்சம் மாறித்தான் இருந்தது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் காலையில் வண்டியை உதைத்துக் கிளப்பக் கூடாது. விடிந்ததும் தெரு நெடுக பட்டுப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். வண்டிப் புகையில் எண்ணெய் இருக்கும். அது பட்டில் பட்டால் தெருவே சேர்ந்து உதைக்கும். அதனால் வண்டியைத் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். அவள் டிபன் கேரியரோடு பின்னால் நடந்து வருவாள். முனையில் உதைத்துக் கிளப்பி ஏறிக்கொள்வோம். பாவுக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்கள் கஞ்சிப் பிரஷ்ஷைப் பிடித்தபடி எங்களையே பார்ப்பார்கள். ஆக, எங்கள் வண்டி எப்படிப் போகிறது என்பது தினமும் தெருவுக்கே தெரியும்.

நாலு மாதம் நன்றாக ஓடிய வண்டி திடீரென்று மூச்சு முட்டுகிற மாதிரி திணற ஆரம்பித்தது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் இருந்தான். என் வயதுதான். நான் போனபோது ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தான், கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. அந்தக் காலைப் பார்த்து நான் விஷயத்தைச் சொன்னேன். என்னமோ ஒரு இரும்பைத் தட்டிக்கொண்டே உள்ளிருந்து பதில் சொன்னான்.

"சைலன்சர்ல அடை இருக்கும்பா. அத எடுத்துடு, சரியாப் பூடும். இன்னிக்கு முடியாது, புதன்கெழமை வா."

புதன்கிழமை வரைக்கும் யார் காத்திருப்பது? அடையை எடுக்க எனக்குத் தெரியாதா என்று கிளம்பி வந்துவிட்டேன்.

எங்கள் தெருவில் அடை என்றால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சேலைக் கரையில் அன்னமோ மயிலோ எழும்ப வேண்டுமானால், பாவில் எந்த இழை தூக்க வேண்டும், எது படுத்திருக்க வேண்டும் என்று கணக்குப் பண்ணி நூலால் கட்டி வைத்திருப்போம். அந்தக் கட்டுக்குத்தான் அடை என்று பெயர். ஒரு கரை முடிந்தால் அந்த அடையை எடுத்துவிட்டு வேறு அடை ஏற்றுவோம். அடையை எடுத்துவிட்டால் பூ வராது, சேலை வெறும் கரையாகச் சரசரவென்று ஓடும். நெய்கிறவனுக்கு அதைவிடச் சுலபமான வேலை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பின்கட்டில் வண்டியைச் சாய்த்து வைத்து, சைலன்சரின் வால் பக்கத்து போல்ட்டைக் கழற்றினேன். மூடியோடு சேர்ந்து உள்ளே இருந்து ஒரு குழாய் வந்தது. முழங்கை நீளம். உடம்பெல்லாம் வரிசை வரிசையாகத் துளை. அதன் மேல் விரல் தடிமனுக்குக் கரி பிடித்திருந்தது. கரியைச் சுரண்டிவிட்டுப் பார்த்தேன். ஒரே அளவுத் துளைகள், ஒரே அளவு இடைவெளி, கணக்குப் பண்ணிப் போட்டிருந்தார்கள். பார்த்த உடனே எனக்குச் சந்தேகமே இல்லை. இதுதான் அடை. புகையில் எது போக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று இதுதான் பார்த்துக்கொள்கிறது. புகைக்கு என்ன பூவேலை வேண்டியிருக்கிறது என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. குழாயை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மூடியை மட்டும் மாட்டினேன்.

கிளப்பினதும் சத்தம் தெருவைத் தூக்கியது. நான் தனியாக ஏறி வேகவதி ஆறு வரைக்கும் ஒரு சுற்று போய் வந்தேன். வண்டி பறந்தது. வழியில் நின்றதை எடுத்துவிட்டோம், புகை தாராளமாகப் போகிறது, வண்டியும் தாராளமாகப் போகிறது. இதைவிடத் தெளிவான விஷயம் உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை தெருமுனையில் அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கத்தியதே தவிர நகரவில்லை. கிளட்சை விட்டால் அப்படியே அணைந்தது. மறுபடியும் உதைத்து, காலால் தரையைத் தள்ளி, எப்படியோ கிளப்பினேன். பாவோரத்தில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூரம் போகிற வழியில் ஓர் ஏரிக்கரை மேடு உண்டு. அதில் ஏறவே இல்லை. அவள் இறங்கி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தாள். பள்ளிக்கூடம் சேரும்போது இருபது நிமிஷம் தாமதம். அவளை இறக்கிவிட்டு நான் தனியாகத் திரும்பினேன். அதே மேட்டில் வண்டி குதிரை மாதிரி ஏறியது.

நான் குழம்பிப்போனேன். செவ்வாய்க்கிழமையும் அதே கதை. நான் மட்டும் போனால் பறக்கிறது, அவள் ஏறினால் முக்குகிறது. முன்பெல்லாம் இரண்டு பேரோடு ஒழுங்காகப் போன வண்டிதானே? வண்டியை மாற்றியது நான், அதனால் அது இன்னும் நன்றாகத்தான் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் மாறியது வேறு எது? ஓர் அரிசி மூட்டையைப் பின்னால் கட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வந்தது பத்து வருஷம் கழித்து.

"ஏன், நீ வெயிட்டு ஏதாவது போட்டுட்டியா?" என்று அவளைக் கேட்டேன்.

"ரவிக்கை எல்லாம் லூசா இருக்குது. தூக்கிப் பாக்கிறீங்களா?" என்றாள்.

புதன்கிழமையும் தாமதம். அடுத்த தடவை தாமதமானால் மேலே எழுதிவிடுவேன் என்று தலைமையாசிரியர் முந்தின நாளே சொல்லிவிட்டாராம். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடும்போது புலம்பிக்கொண்டிருந்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் புரியலம்மா. நான் தனியாப் போனா பறக்குது. அவள ஏத்தினா மட்டும் இழுக்க மாட்டேங்குது. போன மாசம் வரைக்கும் நல்லாத்தான் போய்க்கினு இருந்துது."

அம்மாவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அவள் உதடு அசைந்ததை வைத்து ஏதோ எண்ணுகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோடா" என்றாள். குரல் மாறியிருந்தது.

சாயங்காலம் நாங்கள் திரும்பியபோது அம்மா வாசலுக்கே வந்தாள். மனைவியின் கையிலிருந்து டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து நீ வண்டியில ஏறக் கூடாதும்மா. பஸ்ஸும் வேணாம்" என்றாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எதிர்வீட்டு அம்மாள் தன் வாசலில் நின்று சிரித்தாள். தெரு முழுக்க விஷயம் எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. வண்டி இழுக்காததை மூன்று நாளாக எல்லோரும்தானே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பின்கட்டுக்குப் போனதும் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சொல்லி வச்சீங்க அத்தகிட்ட?"

"வண்டி இழுக்கலன்னு சொன்னேன்."

"வண்டி இழுக்கலன்னா நான் முழுகாம இருக்கேன்னு அர்த்தமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் குழம்பியது. "இருக்குதா?" என்று கேட்டேன்.

"பன்னெண்டு நாள் தள்ளிப் போயிருக்குது. எனக்கு எப்பவும் தள்ளித்தான போவும்? இதுவரைக்கும் எத்தினி வாட்டி ஏமாந்திருக்கோம்? எனக்கே தெரியலங்க" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்த மூன்று நாள் பெண்கள் பின் அறையில் தனியாக உட்கார வேண்டும். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு உள்ளே வர வேண்டும். ஆக அம்மாவுக்கு மாதா மாதம் கணக்கு தெரியும். தள்ளிப்போகிற மாதமெல்லாம் அவளும் எங்களோடு சேர்ந்து ஏமாந்தவள்தான். அதனால் வெறும் காலண்டரை அவள் நம்புவதை விட்டுவிட்டிருந்தாள். இந்தத் தடவை வண்டியும் சேர்ந்து சாட்சி சொல்லிவிட்டது. இரண்டு சாட்சி இருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? உண்மையைச் சொல்கிறேன், நானும் பாதி நம்பினேன். அவ்வளவு இளங்கருவுக்கு என்ன எடை இருக்கும் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருந்தது, ஆனால் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

வியாழக்கிழமையிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினோம். அம்மா அவளை ஒரு குடம் தூக்க விடவில்லை. முதல் தோசை எனக்கு வரும் வழக்கம், அது அவளுக்குப் போயிற்று. மத்தியானங்களில் இரண்டு பேரும் ராட்டையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நூல் சுற்றினார்கள். தறியில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அடிக்கொரு தரம் அவள் பேர் கேட்டது. இதைக் கேட்க ஆறு வருஷம் ஆயிற்றே என்று சந்தோஷமாகவும் இருந்தது, இது எதில் போய் முடியுமோ என்று பயமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் கரையில் இரண்டு இடத்தில் இழை தப்பியது.

அடுத்த நாள் காலை சாமி மாடத்தைப் பார்த்தேன். காமாட்சி படத்துக்கு முன்னால் புதிதாக ஏதோ நின்றுகொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் என் சைலன்சர் குழாய். பின்கட்டில் ஓரமாக வைத்திருந்ததை அம்மா எடுத்து, சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, துளைக்கு ஒன்றாக ஊதுவத்தி செருகியிருந்தாள். ஏழெட்டு வத்தி புகைந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, இது..."

"சும்மாதான கெடந்துது? துளை எல்லாம் கணக்கா இருக்குது, வத்தி ஆடாம நிக்குது" என்றாள்.

அது வண்டிக்கு வேண்டிய சாமான் என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஒரு வாரம் இப்படிப் போயிற்று. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, கூரத்திலிருந்து காய்கறி கொண்டுவரும் ஆள் ஒரு சீட்டு கொண்டுவந்து கொடுத்தான். தலைமையாசிரியர் எழுதியது. திங்கட்கிழமை வராவிட்டால் வேறு ஆளைப் போடும்படி மேலே எழுதிவிடுவேன் என்று இருந்தது. மனைவி அதைப் படித்தாள். அம்மாவிடம் காட்டினாள். அம்மா, "போனா போவுது கண்ணு. வேலையா முக்கியம்?" என்று சொல்லிவிட்டு அவள் தலையைத் தடவினாள். மனைவி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். வெகு நேரம் கழித்து வந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"வண்டிய சரி பண்ணுங்க" என்றாள் என்னிடம்.

"அம்மா ஏற விட மாட்டாங்களே."

"நீங்க சரி பண்ணுங்க. வண்டி பழையபடி என்னை ஏத்திக்கினு போச்சுன்னா அத்தைக்கே புரிஞ்சிடும். நான் வாயால சொல்ல வேணாம்."

"இன்னா சொல்ல வேணாம்?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் போய்விட்டாள். நான் வழக்கம்போல மீதியை நானே முடித்துக்கொண்டேன். வேலை போகிற கோபத்தில் பேசுகிறாள் என்று.

சனிக்கிழமை காலை மெக்கானிக்கிடம் போனேன். இந்தத் தடவை வெளியே உட்கார்ந்திருந்தான். வண்டிச் சத்தத்தைத் தூரத்திலேயே கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாப்பா பண்ண?"

"நீ சொன்னபடி அடையை எடுத்தேன்."

"எங்க அது?"

"வீட்ல இருக்குது. துளை போட்ட குழா."

அவன் என்னையே பார்த்தான். "அடைன்னா கரிப்பா. குழா மேல கரி அடையடையாப் புடிச்சிக்கினு இருக்கும்ல, அதத் தட்டி எடுக்கச் சொன்னேன். குழாய உருவ யாரு சொன்னது?"

கரியையும் நான்தான் சுரண்டினேன். செய்ய வேண்டிய வேலையைச் செய்து முடித்துவிட்டு, அதற்கு மேல் ஒரு வேலையும் செய்திருக்கிறேன். அது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் என் சந்தேகம் வேறு.

"வழிய மறிக்கறத எடுத்தா புகை நல்லாத்தான போவணும்?"

"நல்லாத்தான் போவும். ரொம்ப நல்லாப் போவும். அதான் தொல்லை. இந்த வண்டியில பழைய புகை வெளிய போற அதே நேரத்துல புது பெட்ரோல் உள்ள வரும். மறிக்க ஆளு இல்லன்னா புதுசும் பழசு பின்னாடியே ஓடிப் பூடும். இந்தக் குழா புகைய கொஞ்சம் இடிச்சித் திருப்பும். அது போயி புதுச உள்ளயே தள்ளி வைக்கும்."

"அப்ப நான் தனியாப் போனா மட்டும் எப்படி ஓடுது?"

"ஒத்த ஆளுக்கு எப்டியோ ஓடிடும். வேகம் புடிச்சிட்டா தெரியாது. ரெண்டு பேரு ஏறி மெதுவாக் கிளம்பறப்பதான் தெரியும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதுக்கு மேல கேக்காதப்பா, எனக்கும் தெரியாது. குழாய மாட்டு, ஓடும்" என்றான்.

வழி திறந்திருந்தால் உள்ளே தங்க வேண்டியதும் போய்விடும் என்று அவன் சொன்னது எனக்கு முழுசாகப் புரியவில்லை. போகிற புகை எப்படித் திரும்பி வரும், திரும்பி வந்தது எப்படிப் புதியதைக் காப்பாற்றும்? பிற்பாடு இரண்டு மூன்று படித்த பிள்ளைகளைக் கேட்டேன். ஆளுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் அன்றைக்கே நன்றாகப் புரிந்தது. வண்டி என் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொன்னதெல்லாம் நான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். குழாயில் புது வத்திகள் செருகி, ஒன்றை ஏற்றியிருந்தாள். மனைவி அந்தப் பக்கம் இல்லை. இரண்டு நாளாகத் தலைவலி என்று மாடத்துப் பக்கமே வரவில்லை, அடுப்படிக்கும் வரவில்லை.

"அம்மா, அந்தக் குழா வேணும்."

"எதுக்குப்பா?"

"வண்டிக்கு. அது வண்டியோடதும்மா. அத நான் கழட்டிட்டேன். அது இல்லாமத்தான் ரெண்டு பேர இழுக்கல."

அம்மா திரும்பிப் பார்த்தாள். "அப்ப வண்டிதானா?"

"வண்டிதாம்மா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா ஒவ்வொரு வத்தியாகப் பிடுங்கித் தட்டில் வைத்தாள். எரிந்துகொண்டிருந்ததை அணைக்கவில்லை. அதை மட்டும் எடுத்து ஒரு வாழைப்பழத்தில் குத்தி வைத்தாள். பிறகு குழாயைக் கையில் எடுத்து, சாம்பலை முந்தானையால் துடைத்தாள். குங்குமத்தைத் துடைக்கவில்லை. என்னிடம் நீட்டினாள். குங்குமத்தோடேயே அதைச் சைலன்சருக்குள் செருகி போல்ட்டை முறுக்கினேன்.

திங்கட்கிழமை காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். மனைவி டிபன் கேரியரோடு பின்னால் வந்தாள். அம்மா தடுக்கவில்லை. பாவுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முனையில் உதைத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல், ஒரு திணறல் இல்லாமல், அழகாகக் கிளம்பிப் போயிற்று. நன்றாக ஓடுகிற வண்டிமேல் எனக்கு அவ்வளவு கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஏரிக்கரை மேட்டில் அவள் இறங்க வேண்டியிருக்கவில்லை. மணி அடிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னாலேயே சேர்ந்துவிட்டோம்.

அவள் இறங்கினாள். உள்ளே போகாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கெழமையே ஆயிடுச்சுங்க" என்றாள்.

"இன்னா?"

"சீட்டு வந்துதே, அன்னிக்கு. பின்கட்டுக்குப் போனப்பதான் பாத்தேன். உள்ள போயி உக்காரல. யார்கிட்டயும் சொல்லல."

எங்கள் வீட்டில் அதை மறைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நின்னு போயிடும்" என்றாள். "அத்த என்னை பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினு இருந்தாங்க. இன்னும் ரெண்டு நாள் கூப்புடட்டும்னு இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் போய்விட்டாள். நான் திரும்பி வருகிற வழியில் அந்த மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்காக அழுதேனா, வராமல் போன குழந்தைக்காக அழுதேனா, என் முட்டாள்தனத்துக்காகவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் தெருவில் பாவு இருக்காது. வண்டியை வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டே வரலாம். வந்தோம். அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மனைவி இறங்கி, படியேறாமல் கீழேயே நின்று, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அத்த, நான் இன்னிக்குத் தலைக்குக் குளிக்கணும்."

அன்று நாலாம் நாள். அதைச் சொன்னால் எல்லாம் சொன்னதாக ஆகிவிடும். மறைத்ததும் சேர்த்து. நான் வண்டியை அணைக்க மறந்துபோய் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும்" என்றாள் அம்மா. "வெந்நீர் போட்டு வச்சிருக்கேன். ஆறிடப் போவுது, வா."

எப்போதிலிருந்து தெரியும்? வத்திகளைப் பிடுங்கினபோதே தெரியுமா? அடுப்படிக்கு அவள் வராததைக் கண்டுபிடித்து வெள்ளிக்கிழமையிலிருந்தே தெரியுமா? தெரிந்துகொண்டுதான் இரண்டு நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டாளா? அம்மா இருந்தவரைக்கும் நான் கேட்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மீதியை நானாக முடித்துக்கொள்ளவும் இல்லை.

மனைவி அப்போதும் படியேறவில்லை. அம்மா உள்ளே போகத் திரும்பியவள், நின்று, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் இல்லாததால் எனக்கு அது கேட்டது.